இமையில்லாத மீனுக்கு இரவு எப்படித் தெரியும்?

நிந்தவூரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டு விறாந்தையில் மீன் தொட்டி வைத்திருக்கிறாராம். தங்கமீன், கப்பி, கொஞ்சம் நியோன் டெட்ரா. அழகுக்காக நீல எல்இடி லைட் இரவு பகலாக எரிகிறது. "மீனுக்கு நித்திரை இல்லாமல் போகும், லைட்டை நிப்பாட்டு" என்று உம்மா தினமும் ஏசுகிறார். கூட்டாளி ஒருவர், மீனுக்குக் கண்மூட இமையே இல்லை, அது நித்திரை கொள்வதில்லை, வெளிச்சம் கூடினால் கெதியாக வளரும் என்கிறார். நித்திரைக்குக் குடிக்கிற மெலடோனின் மாத்திரைக்கும் மீனுக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாகவும் தம்பி எங்கோ வாசித்திருக்கிறார். யார் சொல்வது சரி?

தம்பி, உங்கள் உம்மா சொல்வதுதான் சரி. இன்று இரவே அந்த லைட்டை அணையுங்கள். ஏன் என்று இனி விரிவாகச் சொல்கிறேன். உயர்தர உயிரியல் படிப்பித்த காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாடங்களில் இதுவும் ஒன்று.

முதலில், மீன் நித்திரை கொள்கிறதா? கொள்கிறது. நீங்களே பார்க்கலாம். லைட்டை அணைத்து இரண்டு மணித்தியாலம் கழித்து, ஒரு சின்ன டோர்ச்சைத் தொட்டிக்கு நேரே பிடிக்காமல் பின்பக்கச் சுவரில் அடித்து, அந்த மங்கல் வெளிச்சத்தில் பாருங்கள். டோர்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றினால் மீனுக்குத் தெரியாது என்று சிலர் சொல்வார்கள். தங்கமீனுக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும், அதனால் அந்த வித்தை பலிக்காது. பகலில் ஓயாமல் கூழாங்கல்லைக் கிளறித் திரிந்த தங்கமீன் தொட்டியின் அடிக்கு அண்மையில் ஒரே இடத்தில் நிற்கும். முதுகுத் துடுப்பு தளர்ந்து சாய்ந்திருக்கும். பக்கத் துடுப்பு மட்டும் உடம்பை நிலைநிறுத்துவதற்காக எப்போதாவது ஒருதரம் அசையும். செவுள் மூடியைக் கவனித்தால் அது திறந்து மூடும் வேகம் பகலை விடக் குறைந்திருப்பதும் தெரியும். கண்ணாடியில் விரலால் மெல்லத் தட்டுங்கள். பகலில் அந்தத் தட்டலுக்கே துள்ளி ஓடியிருக்கும். இப்போது ஓடாது. கொஞ்சம் பலமாகத் தட்டினால்தான் ஒரு திடுக்கிடல் தெரியும்.

இதுதான் ஆய்வாளர்களும் வைத்திருக்கிற அளவுகோல். இமை மூடியதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. அசைவு அடங்கியதா, எழுப்புவதற்குப் பலமான தட்டல் தேவைப்படுகிறதா, நித்திரையைக் குழப்பினால் பிறகு அதை ஈடு செய்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். 2019 இல் சீப்ரா மீன் குஞ்சுகளின் மூளையைப் படம்பிடித்தவர்கள், நித்திரையின்போது அங்கே இரண்டு வேறுபட்ட நிலைகள் வந்துபோவதைக் கண்டார்கள். பாலூட்டிகளின் ஆழ்நித்திரைக்கும் கனவு நித்திரைக்கும் அவை ஒத்திருந்தன.

எங்கள் ஊர்க் கிணறுகளில் நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று மீன் விடுவார்களே, அங்கேயும் இதைக் காணலாம். இரவில் வாளியை இறக்கப் போகும்போது எட்டிப் பார்த்தால், கொட்டு ஓரமாக ஒட்டினாற்போல மீன் நிற்கும், ஒரு கை தொட்டுவிடலாம் போல. வாவியில் சூள் கட்டி மீன் குத்தப் போகிறவர்களுக்கு இது பாடம் எடுத்துச் சொல்லவேண்டிய விஷயமே இல்லை. சின்ன வயதில் மாமாவோடு தோணியில் போயிருக்கிறேன். முழங்கால் அளவு தண்ணீரில், சாதாளைக்கு நடுவே, திலாப்பியா வயிறு மண்ணில் படக் கிடக்கும். மாமா மண்டாவை ஓங்கும் வரைக்கும் அது அசையாது. "கண் முழிச்சுக்கொண்டுதான் கிடக்கு, ஆனா ஆள் இல்ல" என்பார். நித்திரைக்கு அதைவிட நல்ல வரைவிலக்கணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் காணவில்லை.

சரி, இமை இல்லாத மீனுக்கு இரவு வந்தது எப்படித் தெரிகிறது? கண் மட்டும்தான் வெளிச்சத்தை வாங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். மீனுக்கு உச்சந்தலையிலும் ஒரு வாசல் இருக்கிறது. மூளையின் மேற்புறத்தில் கூம்புச் சுரப்பி என்று ஒன்று உண்டு. நமக்கும் அது உண்டு, ஆனால் நம்முடையது மூளைக்குள் புதைந்து குருடாகக் கிடக்கிறது. வெளியே பகலா இரவா என்பதை அது கண்ணிடம் கேட்டுத்தான் அறியவேண்டும். மீனின் கூம்புச் சுரப்பி மண்டையோட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே எலும்பும் தோலும் மெல்லிதாக, நிறம் குறைந்து, ஒளி ஊடுருவும்படி இருக்கும். சூரையின் தலையில் அது ஒரு வெளிறிய பொட்டுப் போலவே தெரியும். அந்தச் சுரப்பியில் உள்ள கலங்கள் விழித்திரைக் கலங்களைப் போன்றவை. அவற்றுக்குள் ஒளியை வாங்குகிற நிறப்பொருளும் இருக்கிறது. சுரப்பியைத் தனியே எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தாலும் வெளிச்சம் வந்ததும் போனதும் அதற்குத் தெரியும். அப்படியென்றால் அது ஒரு கண்தானே! படம் பார்க்காத, நேரம் மட்டும் பார்க்கிற கண்.

இதன் தடயத்தை 1911 இலேயே கார்ல் வொன் ஃபிறிஷ் கண்டுவிட்டார், தேனீக்களின் நடனத்தை விளக்கிப் பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கிய அதே மனிதர். பார்வை நீக்கிய சின்ன மீன்களின் உச்சந்தலையில் ஒளி பட்டபோதும் நிழல் விழுந்தபோதும் அவற்றின் தோல் நிறம் மாறியது. கூம்புச் சுரப்பியை எடுத்துவிட்டும் பார்த்தார், அப்போதும் மாறியது. ஆக, அதற்குக் கீழே மூளைக்குள்ளும் ஒளியை உணர்கிற கலங்கள் இருக்கின்றன. மீனின் தலை முழுவதும் பகலுக்குத் திறந்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. உங்கள் நீல லைட் நேராக அந்த வாசலில்தான் விழுகிறது. கண்ணை மூட இமை இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது.

அடுத்தது மெலடோனின், இருட்டில் அந்தக் கூம்புச் சுரப்பி சுரக்கிற ஓமோன். இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம். பலர் தடுமாறுகிற இடம் இதுதான்.

செரற்றோனின் என்ற பொருளில் இருந்து இரண்டு படிகளில் மெலடோனின் உருவாகிறது. அதில் முதல் படியைச் செய்வது ஏஏநாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நொதியம். மீன்களில் இது இரண்டு வகை, ஒன்று பெரும்பாலும் விழித்திரையில், மற்றது கூம்புச் சுரப்பியில். சுரப்பியில் உள்ள நொதியத்தின் குணம் விசித்திரமானது. இருட்டில் அது நிலைத்திருக்கும், தொடர்ந்து வேலை செய்யும். வெளிச்சம் பட்டதும் கலம் அதைத் தானே உடைத்து அழித்துவிடும். அதுவும் மிக விரைவாக, நிமிடக்கணக்கில். மெலடோனின் இரத்தத்தில் தங்குகிற பொருள் அல்ல, சேமித்து வைக்கவும் இடமில்லை. ஆகவே நொதியம் உடைந்ததும் அளவு விழுந்துவிடும். இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழும்பி விறாந்தை லைட்டைப் போட்டால், உங்கள் தொட்டியில் இருக்கிற மீனின் உடம்புக்குள் இதுதான் நடக்கிறது. ஒரு லைட் சுவிட்சுக்கும் ஒரு புரதத்தின் ஆயுளுக்கும் இவ்வளவு நேரடியான தொடர்பு இருப்பதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

எல்லா மீனும் இதில் ஒரே மாதிரி அல்ல. சீப்ரா மீனின் கூம்புச் சுரப்பிக்குள் ஒரு மணிக்கூடும் ஓடுகிறது. முழு இருட்டில் வைத்தாலும் வெளியே இரவாக இருக்கவேண்டிய நேரத்தில் மெலடோனின் ஏறும், பகலாக இருக்கவேண்டிய நேரத்தில் இறங்கும். ரெயின்போ டிரவுட் என்ற குளிர்நாட்டு மீனுக்கு அந்த மணிக்கூடு சுரப்பியில் இல்லை. இருட்டு இருக்கும் மட்டும் ஏறியே இருக்கும், வெளிச்சம் வந்தால் இறங்கும், அவ்வளவுதான். ஒன்று நேரத்தை நினைவில் வைத்திருக்கிறது, மற்றது வானத்தை மட்டும் நம்பியிருக்கிறது.

மெலடோனின் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2015 இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர்கள் நேரடியாகச் சோதித்தார்கள். சுரப்பியில் உள்ள அந்த நொதியத்தின் மரபணுவைச் சீப்ரா மீனில் கெடுத்துவிட்டார்கள். குஞ்சுகள் வளர்ந்தன, நீந்தின, ஆனால் இரவில் மற்றக் குஞ்சுகள் கொள்கிற நித்திரையில் ஏறத்தாழ பாதிதான் கொண்டன. உடம்புக்குள் இருக்கும் மணிக்கூடு பழுதாகவில்லை என்பதுதான் இதில் முக்கியம். அது சரியாகவே ஓடியது. முழு இருட்டில் வைத்தபோது, "இப்போது இரவு" என்று மணிக்கூடு சொன்னாலும் நித்திரை அதைக் கேட்கவில்லை. பாடசாலையில் மணிக்கூடு சரியாக ஓடியும் மணி அடிக்க ஆள் வராத நாள் மாதிரி. மணிக்கூட்டில் இருந்து நித்திரைக்குச் செய்தி கொண்டுபோவது மெலடோனின்.

வெளிச்சம் நித்திரையைத் தடுப்பது இந்த ஒரு வழியால் மட்டும் அல்ல. 2007 இல் இன்னொரு குழு சீப்ரா மீன்களை விடாமல் வெளிச்சத்தில் வைத்திருந்தது. நாள்கணக்கில் அவற்றின் நித்திரை வெகுவாகக் குறைந்துவிட்டது. பிறகு இருட்டில் விட்டபோது விட்ட கடனை அடைப்பதுபோலக் கூடுதலாக நித்திரை கொள்ளவும் இல்லை. அதே மீன்களை இருட்டில் வைத்து மெல்லிய அதிர்ச்சி கொடுத்துக் குழப்பியபோது மட்டும் பிறகு ஈடு செய்தன. வெளிச்சம் நேராகவே மூளையை விழிப்பில் பிடித்து வைத்துவிடுகிறது என்றுதான் இதை நான் விளங்கிக்கொள்கிறேன். "என்ட மீன் லைட்டிலயும் நல்லாத்தான் ஓடித்திரியுது" என்று உங்கள் கூட்டாளி சொன்னால் அவர் பார்த்தது பொய்யல்ல. ஓடித்திரியும். நித்திரை இல்லாததால்தான் ஓடித்திரிகிறது.

இவ்வளவும் கேட்டதும், மெலடோனின் என்றால் நித்திரை மருந்து என்று எண்ணத் தோன்றும். அது பிழை. இரவில் இரை தேடுகிற மீன்களிலும் மெலடோனின் இரவில்தான் கூடுகிறது. பகலில் திரியும் மீனுக்கு அதன் பொருள் "அடங்கு". இரவில் திரியும் மீனுக்கு "புறப்படு". மெலடோனின் சொல்வது "இருட்டிவிட்டது" என்ற ஒரே ஒரு சொல்லைத்தான். அதைக் கேட்டு என்ன செய்வது என்பது அந்தந்த மீனின் வழக்கம்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் மட்டக்களப்பான் ஒருவனால் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுகிறது என்று நாம் சொல்கிறோம். பூரண நிலவு நாளில், காற்று அடங்கிய நேரம், தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் என்பார்கள். 1848 இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி அந்த ஒலியைக் கேட்டு எழுதி வைத்தார். பாடுவது மீன் அல்ல, ஊரி என்ற ஓட்டு நத்தைதான் என்று அன்றைய மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். மீன் கட்சியும் ஊரிக் கட்சியும் இன்றைக்கும் எங்கள் ஊரில் உண்டு. அது இருக்கட்டும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் சந்தேகமே இல்லாமல் பாடுகிற ஒரு மீன் இருக்கிறது, மிட்ஷிப்மன் என்று பெயர். கோடைகால இரவுகளில் ஆண் மீன் கரையோரக் கல்லுக்கு அடியில் கூடு வைத்து, பெண்ணை அழைக்க நீண்ட நேரம் விடாமல் ரீங்காரம் இடும். படகு வீடுகளில் குடியிருப்பவர்களின் நித்திரையைக் கெடுக்கும் அளவுக்குச் சத்தம். 2016 இல் நி ஃபெங், அன்ட்று பாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த மீனை விடாத வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாட்டு அடங்கிவிட்டது. மெலடோனினைப் போல வேலை செய்கிற பொருள் ஒன்றை உடம்பில் வைத்ததும், அதே வெளிச்சத்திலேயே மீண்டும் பாடியது. தங்கமீனை உறங்க வைக்கிற அதே பொருள் அந்த மீனைப் பாட வைக்கிறது!

இனி, எவ்வளவு வெளிச்சம் அதிகம்? நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. பூரண நிலவின் ஒளி ஒரு லக்ஸில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டுவது அரிது. ஜேர்மனியில் பேர்ச் என்ற நன்னீர் மீனை இரவில் ஒரு லக்ஸ் வெளிச்சத்தில் வைத்தபோதே மெலடோனின் குறைந்துவிட்டது. ஒரு லக்ஸ் என்றால் ஒரு மீற்றர் தூரத்தில் ஒரு மெழுகுதிரி. உங்கள் எல்இடி அதைப்போல் பல மடங்கு. நேர்மையாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தச் சோதனையில் மன அழுத்தத்தைக் காட்டும் கோட்டிசோல் ஓமோன் ஏறவில்லை. ஆகவே மீன் துடிதுடிக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு இரவு தொலைந்துபோகிறது, வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. அதனால்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

நிலவு ஒளிக்கே மெலடோனின் அசைகிறது என்பதை ஓராவின் இனத்து மீன் ஒன்றில் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அமாவாசை நடுநிசியில் அதன் இரத்தத்தில் இருந்த மெலடோனின், பூரணையில் இருந்ததைவிட அதிகம். ஓரா வகைகள் நிலவின் குறிப்பிட்ட பிறையில் முட்டையிடுகிறவை, அந்த நாள்காட்டியை வாசிப்பதில் இந்த ஓமோனுக்கும் பங்கு இருக்கலாம் என்று கருதப்படுகிறது. நம் நாட்டில் பகலின் நீளம் வருடம் முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. மட்டக்களப்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டாது. குளிர்நாட்டு மீன் பகல் நீள்வதையும் சுருங்குவதையும் வைத்துப் பருவத்தை அறியும். நம் கடல் மீனுக்கு நிலவும் மழையும் கூடுதலாகப் பேசும்.

குஞ்சு பொரிக்கிற ஆசை இருந்தால் இதையும் கேளுங்கள். பாசிக்குடாப் பக்கத்துப் பவளப் பாறைகளில் கோமாளி மீன் வகைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் முட்டைகள் பொழுதுபட்ட பிறகு இருட்டில்தான் பொரிக்கும், குஞ்சை எதிரிகள் காணாமல் இருப்பதற்காக. 2019 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இரவிலும் எல்இடி எரியவிட்டுப் பார்த்தார்கள். ஒரு முட்டையும் பொரிக்கவில்லை. கப்பி குட்டி போடுகிற மீன், அதற்கு இது அப்படியே பொருந்தாது. ஆனால் இரவு லைட் சும்மா அழகுப் பொருள் அல்ல என்பது விளங்கும்.

"24 மணித்தியாலமும் வெளிச்சம் கொடுத்தால் வளரும்" என்ற கதை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அது சல்மன் பண்ணையில் இருந்து வந்தது. குளிர்காலத்தில் கூடுகளுக்கு மேல் விடாமல் விளக்கு எரிப்பார்கள். காலத்துக்கு முந்தி மீன் சினைப் பருவத்துக்குப் போய்விட்டால் தசை வளர்ச்சி குறைந்துவிடும், அதைத் தள்ளிப்போடத்தான் அந்த விளக்கு. பகல் ஆறேழு மணித்தியாலமாகச் சுருங்குகிற நாட்டில், இறைச்சிக்காக வளர்க்கிற ஒரு மீனுக்கான உத்தி அது. நிந்தவூர் விறாந்தையில் தங்கமீனுக்கு அதைக் கொண்டுவர ஒரு நியாயமும் இல்லை. விடாத வெளிச்சத்தில் கெதியாக வளரப்போவது பாசிதான்.

செய்யவேண்டியது அதிகம் இல்லை. காலையில் போட்டு இரவு எட்டு மணி அளவில் அணையுங்கள், அல்லது ஒரு டைமர் வாங்கிப் பொருத்துங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் முழு இருட்டு கிடைக்கவேண்டும், நேரம் நாளுக்கு நாள் மாறக்கூடாது. தொட்டி லைட்டை முதலில் அணைத்து, விறாந்தை லைட்டை அரை மணித்தியாலம் கழித்து அணைத்தால் மீனுக்கு அந்திப் பொழுது ஒன்று கிடைக்கும். காலையில் ஜன்னலைத் திறந்து பகல் வந்த பிறகு தொட்டி லைட்டைப் போடுங்கள். திடீரென்று போட்டால் மீன் கண்ணாடியில் போய் மோதும். இரவு லைட் அணைத்த வீட்டில் தெரு லைட் ஜன்னல் வழியாகத் தொட்டியில் விழுந்தால் ஒரு துணி போட்டு மறையுங்கள். காற்றுப் பம்பை மட்டும் அணைக்காதீர்கள். இருட்டில் செடியும் ஒட்சிசனைத்தான் உறிஞ்சும், விடியற்காலையில்தான் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், நித்திரை குழம்பிவிட்டது என்று எண்ணி லைட்டைப் போடவேண்டாம். அது மூச்சுத் திணறல். பம்பைப் பாருங்கள், தண்ணீரில் கொஞ்சத்தை மாற்றுங்கள்.

மாத்திரையை ஒருபோதும் தொட்டியில் போடாதீர்கள். ஆய்வுகூடத்தில் அளந்து நீரில் கரைத்து மீனுக்குக் கொடுப்பது உண்மைதான், சீப்ரா மீன் அதில் அடங்கியும் போகிறது. ஆனால் மனிதருக்கான மாத்திரையில் கலந்திருக்கிற மற்றப் பொருள்கள் என்ன செய்யும், ஒரு தொட்டிக்கு எவ்வளவு என்பதெல்லாம் வீட்டில் கணக்குப் பண்ணுகிற விஷயம் அல்ல. லைட்டை அணைத்தால் மீன் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும், காசும் இல்லை.

இன்னொன்று. லைட்டை அணைத்து வைத்த முதல் காலையில் நியோன் டெட்ராவைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அந்த நீலக் கோடும் சிவப்பும் மங்கி, நோய் வந்ததுபோல வெளிறி இருக்கும். இரவில் அதன் நிறம் இயல்பாகவே அடங்கும். மெலடோனினுக்கு அந்தப் பெயர் வந்ததும் தோல் நிறத்தால்தான். 1958 இல் ஏரன் லேர்னர் என்ற தோல் மருத்துவர் ஆயிரக்கணக்கான மாட்டுக் கூம்புச் சுரப்பிகளை அரைத்து இதைப் பிரித்தெடுத்தபோது, தவளைத் தோலை அது வெளிற வைத்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். ஜன்னலைத் திறந்துவிட்டு உம்மாவையும் கூப்பிட்டுத் தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருங்கள். அந்த நீலக் கோடு மெல்ல மெல்ல ஏறி வருவதை இரண்டு பேரும் பார்க்கலாம்.